பம்ப்பா, தரைப்பாலமா? ஃபுளோரிடாவின் இரண்டு பைன் சதுப்புகள்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அரசுக்குச் சொந்தமான இரண்டு பைன் சதுப்புக் காடுகளில் பல ஆண்டுகளாகச் சீரமைப்பு நடக்கிறது. தெற்கே நேப்பிள்ஸ் நகருக்குக் கிழக்கில் பிகாயூன் ஸ்ட்ராண்ட். அதன் திட்டப் பரப்பு சுமார் 55,000 ஏக்கர். வடமேற்கே கேரபெல் ஊரை ஒட்டி டேட்ஸ் ஹெல்; 2,02,000 ஏக்கருக்கு மேல். இரண்டையும் கெடுத்தது வாய்க்கால்தான். மழைக்காலம் முழுக்கத் தரைமேல் தேங்கிப் பரவ வேண்டிய தண்ணீரை வெட்டி வடித்துவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரும் வழியில்தான் இரண்டு காடுகளும் பிரிகின்றன.

பிகாயூனில் 1960களில் நடந்தது மனை வியாபாரம். கல்ஃப் அமெரிக்கன் என்ற நிறுவனம் 48 மைல் கால்வாயும் 260 மைலுக்கு மேல் சாலையும் போட்டு, சதுப்பைத் துண்டு துண்டாக விற்றது. வாங்கியவர்களில் பலர் இடத்தை நேரில் பார்த்ததே இல்லை. 1985 முதல் மாநில அரசு சுமார் 17,000 பேரிடமிருந்து அந்த மனைகளைத் திரும்ப வாங்கியது. ஒரு சாலையை உடைப்பதற்கு முன்பே இத்தனை பத்திரம்! பொதுநிலத்தைக் கைவிடுவது எவ்வளவு எளிது, மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டேட்ஸ் ஹெல்லில் நடந்தது மர வியாபாரம். 1960, 70களில் மரக் கம்பெனிகள் வாய்க்கால் வெட்டி, மேடான சாலை போட்டு, ஸ்லாஷ் பைன் என்ற பைன் வகையை நெருக்கமாக நட்டு, உரமும் போட்டன. வடிந்த தண்ணீர், சிப்பிகளுக்குப் பேர்போன அப்பலாச்சிகோலா விரிகுடாவை நோக்கிப் போனது. 1994 முதல் மாநிலம் இந்த நிலத்தை வாங்கத் தொடங்கியது.

பிகாயூன் தேர்ந்த வழி பெரிய பொறியியல். வடக்கே மக்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் பகுதியின் மழைநீரும் அதே கால்வாய்களில்தான் இறங்குகிறது. கால்வாயை வெறுமனே அடைத்தால் அவர்கள் வீட்டுக்குள் வெள்ளம். அதனால் மெரிட், ஃபாகா யூனியன், மில்லர் என்ற மூன்று கால்வாய்களின் தலைப்பில் நீரேற்று நிலையங்கள் கட்டினார்கள். அவை தண்ணீரைத் தூக்கி அகலமாகப் பரப்பிவிடுகின்றன. கீழே கால்வாயை ஆங்காங்கே மண்ணால் அடைத்து, சாலைகளைச் சுரண்டித் தரைமட்டமாக்குகிறார்கள். கிழக்கு ஓரத்து ப்ரேரி கால்வாய்க்கு பம்ப் தேவைப்படவில்லை. அதைத்தான் முதலில் அடைத்தார்கள். 2007இல் அந்த வேலை முடிந்தது.

டேட்ஸ் ஹெல்லில் மேட்டுப் பக்கம் குடியிருப்பு நெருக்கடி இல்லை. அங்கே வாய்க்காலுக்குள் மண் அடைப்பு, சாலைக்கு அடியில் குழாய், தண்ணீர் மேலேறிப் போகத் தரைப்பாலம் என்று சின்னச் சின்ன வேலைகளே போதும். மின்சாரமும் டீசலும் வேண்டாம். பள்ளம் எங்கே என்று தண்ணீருக்கே தெரியும். ஆனால் ஒரு சங்கடம்: இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம், பெருமழையில் அடைப்பு அரித்துப் போகலாம், யாராவது போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் முடிவு: சரிவு இருக்கிற இடத்தில் பம்ப் வைக்கவே கூடாது. பம்ப் என்றால் என்றைக்கும் ஆளும் எரிபொருளும் வேண்டும். புயல் காலத்தில், எல்லாம் தடுமாறும்போதுதான் அது கட்டாயம் ஓடியாக வேண்டும். பிகாயூனுக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

சரி, தண்ணீர் வந்துவிட்டால் காடு வந்துவிடுமா? வராது. இந்தப் பைன் காட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் தீ வேண்டும். இங்கும் போட்டி வழிகள் உண்டு: புதர்களை உருளை இயந்திரத்தால் நசுக்கலாம், களைக்கொல்லி அடிக்கலாம், திட்டமிட்டுத் தீ வைக்கலாம். இயந்திரம் புதரைக் குட்டையாக்கும். ஈர மண்ணில் தடம் பதித்துப் புதுப் பள்ளங்களையும் உண்டாக்கும். தழைத்த கேபேஜ் பாம் பனை, பிரேசிலியன் பெப்பர் புதர் போன்றவற்றுக்கு மருந்து சில இடங்களில் தேவைதான். ஆனால் இந்தக் காட்டின் தரையில் வளரும் வயர்கிராஸ் புல் நன்றாகப் பூக்க, வளரும் பருவத்தில் தீ பட வேண்டும். அந்த வேலையை இயந்திரமும் மருந்தும் செய்யாது.

இத்தகைய பைன் காடுகளை நம்பி வாழும் ரெட் காக்கேடட் மரங்கொத்தியைப் பாருங்கள். உயிருள்ள பைனில்தான் பொந்து குடையும், அதுவும் உள்மரம் பூஞ்சையால் இளகிய முதிய மரத்தில். ஒரு பொந்துக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அடியில் புதர் உயர்ந்துவிட்டால் இடத்தைக் கைவிட்டுவிடும். தோட்டமாக நட்ட இளம் பைனில் பொந்துக்கு இடமில்லாதபோது, மரத்தைக் குடைந்து மரப்பெட்டி பொருத்தும் முறையும் உண்டு. 2024இல் இந்தப் பறவையை 'அழியும் நிலை'யிலிருந்து ஆபத்து ஒரு படி குறைந்த பிரிவுக்கு மாற்றினார்கள். தீயும் பெட்டியும் சேர்ந்து உழைத்த பலன் அதில் நிறைய.

தீ வைப்பதில் டேட்ஸ் ஹெல்லுக்குத்தான் வசதி. பிகாயூனை ஒட்டி ஐ-75 நெடுஞ்சாலை போகிறது, வீடுகளும் இருக்கின்றன. காற்றின் திசை சரியில்லை என்றால் அன்றைய வேலை ரத்து. டேட்ஸ் ஹெல்லில் பிரச்சினை வேறு: நெருக்கி நட்ட பைனுக்குள் தீ மேலேறிவிடும் ஆபத்து. முதலில் மரங்களைக் கலைத்து வெட்ட வேண்டும். வெட்டிய மரத்தை விற்கலாம் என்பது கூடுதல் நன்மை. அந்தப் பணத்தை அடுத்த மண் அடைப்புக்கே செலவிட வேண்டும் என்பேன்.