நம்பர் போர்ட்டிங் சேவை: எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறலாமா?

சேவை நன்றாகவே வேலை செய்கிறது. சொதப்புவது பெரும்பாலும் நம் அவசரம்தான். ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடம் விட்டு 10 இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் 8 எழுத்து யுபிசி கோடு (கம்பெனி மாறக் காட்ட வேண்டிய தனிக் குறியீடு) வரும். தமிழ்நாட்டில் அதன் ஆயுள் 4 நாள். அதற்குள் ஆதாருடன் புதிய கம்பெனி கடைக்குப் போய்விடுங்கள்.

கோடு வரவில்லையா? இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்காது, போஸ்ட்பெய்டு பில் பாக்கி இருக்கும், அல்லது தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கி 7 நாள் முடிந்திருக்காது. இந்த 7 நாள் விதி 2024 ஜூலையில் வந்தது.

மீதமுள்ள ரீசார்ஜ் போனது போனதுதான். வருட பிளான் போட்ட கையோடு மாறுவது வீண். 5ஜி விளம்பரத்தை விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிம்மை வாங்கி உங்கள் உள்ளறையில் சிக்னல் நிற்கிறதா பாருங்கள். மாறியபின் 90 நாள் நகர முடியாது.