நீச்சல் குளமா, தோட்டத்துத் தொட்டியா? கொங்கு வீட்டுக்கு எது ஒத்துவரும்

வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டுவதென்று முடிவானதும் கோவை, திருப்பூர் பக்கத்து ஆட்கள் முதலில் போய் நிற்பது டைல்ஸ் கடையில். நீல மொசைக்கா, பச்சை மொசைக்கா என்று வீட்டுக்குள் இரண்டு கட்சி உருவாகிவிடும். என்னைக் கேட்டால் டைல்ஸ் கடைசிக் கவலை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பழைய தண்ணீர் எங்கே போகிறது என்கிற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்துவிட்டால் மற்ற சண்டையில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

கணக்குக்காக ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 24 அடி, அகலம் 12 அடி, சராசரி ஆழம் 4 அடி. ஏறத்தாழ 33,000 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் வாங்கினால் மூன்று லோடு. குடும்பத்தோடு குளிக்க இது தாராளம்.

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வீட்டில், குடியிருப்பவர்களுக்கு இந்தக் குளத்துக்கு நேர்ப் போட்டி ஒன்று இருக்கிறது. போர்வெல்லிலிருந்து எடுத்த தண்ணீரைத் தேக்கி, தென்னைக்குச் சொட்டுநீரில் விடும் தொட்டிதான் அது. அதையே கொஞ்சம் பெரிதாக, இறங்க ஏறப் படி வைத்து, உள்ளே வழவழப்பாகப் பூசிக் கட்டினால் ஃபில்டர் வேண்டாம், கெமிக்கல் வேண்டாம் என்பார்கள். இதில் உண்மை உண்டா? தென்னை எத்தனை என்பதைப் பொறுத்தது. கோடையில் ஒரு மரத்துக்கு நாளைக்குச் சுமார் 65 லிட்டர் என்று வைத்தால், 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், இரண்டு ஏக்கருக்கு 9,000 லிட்டருக்கு மேல் போகும். அப்படியென்றால் 33,000 லிட்டர் தொட்டி மூன்றரை நாளில் முழுதாக மாறிவிடுகிறது. பாசி பிடிக்கத் தொடங்கும்போதே தண்ணீர் மரத்தடிக்குப் போயிருக்கும். ஐந்து ஏக்கர் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டைச் சுற்றிப் பத்துத் தென்னை மட்டும் நிற்கிறதென்றால் இந்தக் கணக்கு செல்லாது. ஐம்பது நாள் தேங்கி நிற்கும் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது.

தொட்டிக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்க முடியாது. குளோரின் இல்லாத வெதுவெதுப்பான தண்ணீர் கிருமிக்கும் பிடித்த இடம். 2024-இல் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலில் சிறுவர்கள் இறந்ததற்குப் பிறகு இதைச் சும்மா பேச்சு என்று தள்ள முடியாது. அந்த அமீபா தண்ணீரோடு மூக்கு வழியாக ஏறுவது. தொட்டியை அடிக்கடி முழுக்க வடித்து, அடியில் படியும் வண்டலைத் தேய்த்துக் கழுவி, வெயில் காயவிட்டு நிரப்புகிறவர்கள் மட்டும் இந்த வழிக்குப் போகலாம். அதற்கும் ஆள் இல்லையென்றால் குளமே கட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் விரித்த பண்ணைக்குட்டையை மட்டும் இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். சரிவான ஷீட்டில் பாசி படிந்தால் நீச்சல் தெரிந்தவனும் கரையேற முடியாமல் சறுக்கிக்கொண்டே இருப்பான்.

சரி, குளம்தான் என்று வைத்துக்கொள்வோம். கான்கிரீட்டா, ஃபைபரா?

ஃபைபர் குளம் அச்சில் வார்த்து வருவது. குழி தயாராக இருந்தால் சீக்கிரம் வேலை முடியும், உள்பக்கம் வழவழப்பாக இருப்பதால் பாசி ஒட்டுவதும் குறைவு. ஆனால் சாலையில் சாதாரண லாரிக்கு அனுமதித்த அகலம் 2.6 மீட்டர், அதாவது எட்டரை அடி. 12 அடி அகலக் குளத்தை ஒரே துண்டாகக் கொண்டுவரத் தனி டிரெய்லர் வேண்டும். அது மெயின் ரோடு வரை வந்துவிடும். அங்கிருந்து இரண்டு பக்கமும் வேலி நெருக்கும் இட்டேரித் தடத்தின் வளைவுக்குள் எப்படித் திரும்பும்? மேலே மின்கம்பி வேறு. துண்டுகளாகக் கொண்டுவந்து இணைக்கிறோம் என்றால் ஃபைபரின் பெரிய லாபமான ஒட்டில்லாத உடம்பு போய்விடுகிறது.

அடுத்தது மண். நம் பக்கத்தில் கடப்பாரை மூன்றடி இறங்கினாலே பாறை தட்டும் இடங்கள் நிறைய. ஃபைபருக்குக் குழி அதன் வடிவத்துக்கே அளவாக அமைய வேண்டும். பிரேக்கர் வைத்து உடைத்த பாறைக்குழி அப்படி அமையாது. கான்கிரீட்டில் இந்தத் தலைவலி இல்லை. பாறை வந்த ஆழத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைத் தரைக்கு மேலே ஒன்றரை அடி சுவராக எழுப்பிவிடலாம். அந்தச் சுவர் உட்காரத் திண்ணையாகும், மழைநீரோடு வரும் செம்மண்ணும் உள்ளே புகாது. பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசல் கண்ட இடமென்றால் விஷயம் வேறு. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அங்கே செங்கல் கட்டி மேலே சிமெண்ட் பூசும் மலிவு வேலை வெடிப்பு விடாமல் இருக்காது. அடியும் சுவரும் ஒன்றாகக் கம்பி கட்டிய கான்கிரீட்டாக இருக்க வேண்டும், அடியில் கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் போட்டு இறுக்க வேண்டும். என் ஓட்டு கான்கிரீட்டுக்கு. ஒரே நிபந்தனை: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் நிற்கவிட்டுக் கசிவு பார்க்காமல் அடுத்த வேலைக்கு மேஸ்திரியை விடாதீர்கள்.

குளத்தின் மேல்தண்ணீரை ஃபில்டருக்கு எடுக்க இரண்டு வழி. ரிசார்ட்டுகளில் தண்ணீர் தரைமட்டத்துக்குத் தளும்பி நான்கு பக்கமும் வாய்க்காலில் வழிகிறதே, அது ஓவர்ஃப்ளோ. பார்க்க அழகு, மேற்பரப்பு முழுவதும் சுத்தமாகும். ஆனால் வழிகிற தண்ணீரைப் பிடிக்கக் குளத்தின் கொள்ளளவில் 5 முதல் 10 சதவீதத்துக்குத் தனித்தொட்டி, அதற்கொரு குழி, வாய்க்கால் முழுக்க மேலே மூடச் சல்லடைத் தட்டி. இன்னொரு வழி ஸ்கிம்மர். மேல்தண்ணீரை உறிஞ்சச் சுவரில் பதித்த ஒரு வாய், அவ்வளவுதான். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, தரையிலுள்ள புழுதியைக் கூட்டி ஓவர்ஃப்ளோ வாய்க்காலுக்குள் தள்ளும். ஸ்கிம்மருக்கு அதே காற்று வேலைக்காரன். குளத்தின் கிழக்குச் சுவரில் மேற்கைப் பார்த்தபடி வாயை வைத்தால், மிதக்கும் வேப்பிலையையும் பூவையும் காற்றே கொண்டுபோய் உள்ளே சேர்த்துவிடும். மேற்குச் சுவரில் வைத்தவர்கள் சீசன் முழுக்க எதிர்ப்பக்க மூலையில் வலை போட்டு அள்ளிக்கொண்டிருப்பார்கள். வரைபடத்தில் ஒரு கோடு மாறினால் போதும், காசு ஒன்றும் கூடாது.

காற்று இன்னொன்றும் செய்யும்: தண்ணீரைக் குடிக்கும். நாளைக்கு 5 மில்லிமீட்டர் இறங்கினாலே நம் கணக்குக் குளத்தில் 134 லிட்டர் காணாமல் போகும். கசிவா, ஆவியா என்று சந்தேகம் வந்தால் ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரை நிரப்பிப் படியில் வைத்து, பக்கெட்டுக்குள்ளும் குளத்துச் சுவரிலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் காற்றின் வேலை. குளம் மட்டும் கூட இறங்கியிருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

மோட்டார் விஷயத்தில்தான் நம்மூர்க்காரர்கள் யார் பேச்சையும் கேட்க மாட்டார்கள். பம்புக்குப் பேர்போன ஊர் அல்லவா. குளம் கட்டுகிற இடத்திலெல்லாம் இந்த உரையாடல் நடக்கும்:

"ஏனுங்கண்ணா, ரெண்டு எச்.பி. மோனோபிளாக் ஒண்ணு சாளையில சும்மா கெடக்குதுங்களே, அதையே மாட்டிப்போடலாமுங்களா?"

"மாட்டலாம் தம்பி. முடியும் எலையும் எங்க போயி நிக்கும், அதச் சொல்லு."

எலக்ட்ரீஷியன் தம்பி கேட்டதில் தப்பில்லை, மோனோபிளாக் நல்ல பம்புதான். ஆனால் அது கிணற்றுத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றப் பிறந்தது. குளத்துப் பம்பின் முன்னால் ஒரு கூடை இருக்கும். முடியும் இலையும் அதில் நிற்கும், மேல் மூடி கண்ணாடி போல இருப்பதால் நிறைந்தால் தெரியும். மோனோபிளாக்கில் எல்லாம் நேராக உள்ளே சுழலும் இம்பெல்லர் சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொள்ளும். வார்ப்பிரும்பு உடம்பைக் குளோரின் தின்னும், அந்தத் துரு வெள்ளை டைல்ஸில் காவிக் கறையாக வந்து உட்காரும். அழுத்தம் அதிகமானால் ஃபில்டரும் தாங்காது.

அளவும் பெரிதாக வேண்டாம். 33,000 லிட்டர் ஆறு மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்ற மணிக்கு 5,500 லிட்டர் போதும். குழாயைத் தாராளமாகப் போட்டிருந்தால் முக்கால் எச்.பி. பம்பு இதைச் செய்துவிடும். ஒன்றரை எச்.பி. வைத்து ஆறு மணி நேரம் ஓட்டினால் நாளைக்கு 9 யூனிட், இரண்டு மாதப் பில்லுக்கு 540. வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறும் என்பது தெரிந்ததுதானே. தோட்டத்து இலவச மின்சாரம் விவசாயத்துக்கு மட்டும். குளத்துப் பம்பை அதில் கோத்துவிடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

வேகம் மாற்றும் பம்புகள் இப்போது கிடைக்கின்றன. வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும், மின்சாரமோ எட்டில் ஒன்றாகிவிடும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் கணக்குப்படி கால்வாசிச் செலவு. நடைமுறையில் கொஞ்சம் கூடும். பெரிய குளத்துக்கு அதுதான் சரி. நம் அளவுக்கு, சரியாகத் தேர்ந்த சின்னப் பம்பும் ஒரு டைமரும் போதும், மிச்சப் பணத்தைப் பெரிய ஃபில்டரில் போடலாம்.

மணல் ஃபில்டரா, கழற்றிக் கழுவும் மடிப்புத் துணி போன்ற கார்ட்ரிட்ஜா? இங்கே பழைய தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி திரும்ப வருகிறது. மணல் ஃபில்டரில் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அலசும் ஒவ்வொரு முறையும் 300 முதல் 500 லிட்டர் வெளியே போகும். தென்னை இருந்தால் அது வீண் அல்ல, பாத்திக்குப் பாயட்டும். ஊருக்குள் பத்து சென்ட் வீட்டில், லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புகிறவருக்கு அது சாக்கடைக்குப் போகும் காசு. அவர் கார்ட்ரிட்ஜ் வாங்கலாம். தூசியை இன்னும் நுணுக்கமாகப் பிடிக்கும், ஆடி மாதத்தில் மட்டும் அடிக்கடி கழற்றி ஹோஸில் கழுவ வேண்டியிருக்கும்.

உப்புக் குளோரினேட்டர் இப்போது நாகரிகம். கண் எரியாது, தோலுக்கு மென்மை என்று விற்கிறார்கள். லிட்டருக்கு மூன்றரை கிராம் உப்பு, அதாவது நம் குளத்துக்கு 115 கிலோ கொட்டினால், மின்தகடுகள் அதிலிருந்தே குளோரின் உண்டாக்கும். நல்ல தண்ணீரில் நிரப்பிய குளத்துக்கு இது வசதிதான். ஆழத்துப் போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அது தகட்டில் வெள்ளை ஓடாகப் படியும். ஆசிட்டில் கழுவக் கழுவத் தகட்டின் பூச்சு தேயும், தகடு விலை கம்மியில்லை. இன்னொரு கணக்கும் பாருங்கள். ஆவியாவது வெறும் தண்ணீர், சுண்ணாம்பு குளத்திலேயே தங்குகிறது. மழையில் வருவதைக் கழித்தாலும் வருடத்தில் கிட்டத்தட்ட ஒரு குளம் நிறைய போர்த் தண்ணீரைத் திரும்ப ஊற்றுகிறோம். வருட முடிவில் சுண்ணாம்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. டைல்ஸில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் வெள்ளைக் கோடு விழுவது இதனால்தான்.

ஆகவே போர்த் தண்ணீர்க் குளத்துக்கு நான் சொல்வது சாதாரணக் குளோரின். அதிலும் இரண்டு வகை. கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்போடு இன்னும் சேர்க்கும். டிசிசிஏ (TCCA) என்ற குளோரின் மாத்திரை சேர்க்காது, ஏறிக்கிடக்கும் பி.எச்.-ஐயும் (தண்ணீரின் அமில-கார அளவு) கொஞ்சம் இறக்கும். ஆனால் அதிலுள்ள, குளோரினை வெயிலில் வீணாகாமல் காக்கும் நிலைநிறுத்தி தங்கித் தங்கிக் கூடினால் குளோரின் மந்தமாகிவிடும். அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை வடித்துப் புதிது விட வேண்டும். குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்), பி.எச். 7.2 முதல் 7.8 என்று சோதனைப் பெட்டி காட்டினால் போதும். இந்த இரண்டு குளோரினையும் ஒரே டப்பாவிலோ ஒரே கரண்டியிலோ கலக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

டைல்ஸ் எந்த நிறம் வேண்டுமானாலும் இருக்கட்டும், இடுக்குக்கு எபாக்ஸி என்ற பிசின் பூச்சு கேளுங்கள். கரைக்குக் கடப்பா வேண்டாம். சுண்ணாம்புக் கல், ஆசிட் பட்டால் அரிக்கும், சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாது. தீயில் சொரசொரப்பாக்கிய வெளிர் கிரானைட் நல்லது.

வேலியா, மூடியா என்ற கேள்வியைச் செலவு மிச்சமாகட்டும் என்று கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். கிணற்றில் மிதப்புக்குச் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்காய்க் குடுக்கை) கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய தலைமுறைக்கு நாலடித் தண்ணீர் ஒரு பொருட்டாகத் தெரியாது. மிதக்கும் மூடி ஆவியாவதைக் குறைக்கும், தூசியைத் தடுக்கும். அதன்மேல் குழந்தை கால் வைத்தால் தாங்காது, மேலே சுருட்டிக்கொண்டு அமுக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதலில் வேலி. நாலடி உயரம், ஏறக் குறுக்குச் சட்டம் இல்லாமல் செங்குத்துக் கம்பி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில். அடியில் உறிஞ்சும் வாய் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றடிக்கு மேல் தள்ளித் தள்ளி. ஒன்று உடம்பில் ஒட்டிக்கொண்டாலும் மற்றொன்று இழுத்துக்கொள்ளும். உள்ளே விளக்கு 12 வோல்ட், பம்பு லைனுக்கு, மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூடி அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.