கோசுமெல் டைவ் பேக்கேஜ்: 3,180 டாலர் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

3,180 டாலர். மெக்சிகோவோட கோசுமெல் தீவுல ரெண்டு பேருக்கு 7 ராத்திரி, படகுல போய் 12 ஸ்கூபா டைவ், எல்லாம் சேர்த்து முன்பணமா முழுசா வாங்கிட்டாங்க. சொன்னதுல பாதி கூட கிடைக்கல. இன்னிக்குக் காலையில அந்த புக்கிங் தளத்திலிருந்து மெயில்: "உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது." யாரு தீர்த்தா, எப்படித் தீர்த்தான்னு ஒரு வரி இல்ல. கீழே 75 டாலருக்கு ஒரு கூப்பன், அதுவும் அடுத்த தடவை அவங்ககிட்டயே புக் பண்ணினா மட்டும்தான் செல்லுமாம். அதைப் படிச்ச சூட்டோட எழுதறேன், வார்த்தை கொஞ்சம் தடிச்சா பொறுத்துக்கோங்க.

தளத்தோட பேரையும் ரிசார்ட் பேரையும் போடல. கார்டு கம்பெனில டிஸ்பியூட் ஓடிக்கிட்டிருக்கு, அதைக் கெடுத்துக்க விரும்பல. டைவர்களுக்குன்னே பேக்கேஜ் விக்கிற ஆன்லைன் தளம் ஒண்ணு, தீவோட மேற்குக் கரையில நடுத்தர விலையில ஒரு ரிசார்ட். இவ்வளவு தெரிஞ்சா போதும்.

டைவிங்ல கொஞ்சம் பழகினவங்க கரீபியன்ல இடம் தேடும்போது மணல் எவ்வளவு வெள்ளை, பஃபேல என்ன போடறான்னு பாக்க மாட்டாங்க. பொனேர் போனா ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னாடி டேங்கை அடுக்கிக்கிட்டு, ரோட்டோரம் மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல்லுல எழுதியிருக்கிற பேரைப் பாத்து இறங்கிடலாம். கைடு வேண்டாம், படகு வேண்டாம், காலையில 6 மணிக்குப் போனாலும் ஏன்னு கேக்க ஆள் கிடையாது. லிட்டில் கேமனுக்குப் போறவங்க பிளடி பேங்கிற கடலடிப் பவளச் சுவருக்காகவே போறாங்க. சுமார் 6 மீட்டர் ஆழத்திலேயே விளிம்பு தொடங்கி, ஆயிரம் மீட்டருக்கும் கீழே போயிடும். சேபாவுல ஆழத்திலிருந்து எழும்பி நிக்கிற பாறைச் சிகரங்கள்.

கோசுமெல் வேற ஜாதி. அங்க நீரோட்டம்தான் எல்லாம். பலங்கார், சான்டா ரோசான்னு எந்தச் சுவர்ல இறங்கினாலும் துடுப்பு அடிக்க வேண்டாம், தண்ணியே இழுத்துக்கிட்டுப் போகும். படகு நங்கூரம் போடாது, மேலே நம்ம காத்துக்குமிழைப் பாத்து பின்னாலேயே வரும். அதனாலதான் சொல்றேன், பொனேர்ல ரிசார்ட் சொதப்பினாலும் டேங்கைத் தூக்கிட்டு நாமளே கடல்ல இறங்கிடலாம். கோசுமெல்ல படகு சொதப்பினா டைவ் மொத்தமும் போச்சு. எத்தனை பேரை ஏத்தறான், யாரோட யாரைச் சேக்கறான், எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறான், இதுக்குத்தான் காசே. ரூம் எல்லாம் சும்மா தலை சாய்க்க.

இது எங்களுக்குத் தெரியும். அதனாலேயே புக் பண்றதுக்கு முன்னாடி படகைப் பத்தி மட்டும்தான் கேட்டோம்.

பக்கத்துல பெருசா "அனுபவமுள்ள டைவர்களுக்கு மட்டும்"னு போட்டிருந்தாங்க. அதை யார் வேணும்னாலும் போடலாம், அதுல நாங்க மயங்கல. வாட்ஸ்அப்ல ஒரு பொண்ணு பேசினாங்க, "டைவ் கான்சியர்ஜ்"னு பதவி. அவங்க கேட்ட கேள்விகள்தான் எங்களை உக்கார வெச்சுது. கடைசியா எப்போ இறங்கினீங்க, நீரோட்டத்துல பழக்கம் உண்டா, மேல ஊதி அனுப்புற எஸ்எம்பி மிதவை சொந்தமா இருக்கா, கையில கட்டுற டைவ் கம்ப்யூட்டர் எந்த மாடல், வழக்கமான அலுமினிய டேங்க் போதுமா இல்ல பெரிய ஸ்டீல் டேங்க் வேணுமா? ஒரு சேல்ஸ் ஆளுக்கு இந்தக் கடைசிக் கேள்வி வாயில வராது. என் மனைவி சோதிச்சுப் பாக்கறதுக்காக, "ஸ்ப்ளெண்டிட் டோட்ஃபிஷ் பாக்கணும், கிடைக்குமா?"ன்னு அனுப்பினா. கோசுமெல்லுக்கே உரியதுன்னு பேர் வாங்கின மீன் அது, மூஞ்சியில தாடி, உடம்பெல்லாம் கோடு, துடுப்பு ஓரம் மஞ்சள். அரை நிமிஷத்துல பதில் வந்துச்சு: "முதல்ல சத்தம் கேக்கும், அப்புறம் பவளத்துக்கு அடியில இடுக்குல டார்ச் அடிச்சுப் பாருங்க, தாடி மட்டும் தெரியும்."

"ஏங்க, இவங்க தண்ணிக்குள்ள போனவங்கதான்"னா என் மனைவி. கார்டு நம்பரைத் தட்டினது அதுக்கு அப்புறம்தான்.

அவங்க எழுத்துல குடுத்த வாக்கு இதெல்லாம். படகுல 6 டைவர்தான். ஒவ்வொரு டைவும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. 32 சதவீத நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜனை 32 சதவீதமா கூட்டின காத்து, இலவசம். கூட்டத்தோட காத்திருக்க வேண்டாம், ஜோடியா எஸ்எம்பி விட்டு மேல வந்துக்கலாம். நீரோட்டம் ஒத்துழைச்சா தெற்கே இருக்கிற புன்டா சுர், மரகாய்போ டைவ் இடங்கள். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பத்திரமா இருக்கு.

முதல் நாள் காலையில படகுத்துறைக்குப் போனோம். அந்தப் படகு பீக் அவர் ஷேர் ஆட்டோதான். இருபது பேருக்கு மேல. பாதிப் பேர் கையில குரூஸ் கப்பல் பட்டை, மத்தியானம் கப்பலுக்குத் திரும்பணும்கிற அவசரம். ஒருத்தர் பிசிடியை, அதான் காத்தடைச்சு மிதக்கிற டைவ் ஜாக்கெட்டை, தலைகீழா மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தார். புதுசா கத்துக்கறவங்க மேல எனக்குக் கோபம் இல்ல, நானும் அந்தமான் ஹேவ்லாக்ல அப்படித் தத்தளிச்சவன்தான். அவங்களையும் எங்களையும் ஒரே கைடுகிட்ட கட்டிவிட்டவன் மேலதான் கோபம்.

தெற்குப் பக்கம் போகவே இல்ல. கப்பல் துறைக்குப் பக்கத்துல இருக்கிற பாரடைஸ் ரீஃப்ல கொண்டுபோய் இறக்கினாங்க. பன்னெண்டு மீட்டர் சொச்சம் ஆழம். நேர்மையா சொல்லணும்னா டோட்ஃபிஷ்ஷை அங்கதான் பாத்தோம், தாடியோட. அதுக்கு 3,180 டாலர் தேவையில்ல.

ரெண்டு நாள் சண்டை போட்ட பிறகு சான்டா ரோசாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சுவர் ஓரம் இறங்கி, நல்ல நீரோட்டத்துல அப்படியே மிதந்துக்கிட்டுப் போறோம். கீழே நீலம், பக்கத்துல ஆளு உயர ஸ்பாஞ்சுகள், அதுக்கு நடுவுல ஒரு ஆமை மேயுது. டைவ் இப்பதான் தொடங்குதுன்னு தோணுற நேரத்துல கைடு எல்லாரையும் பாத்து, மேல ஏறச் சொல்லி கட்டை விரலைக் காட்டறார். குழுவுல யாருக்கோ டேங்க்ல காத்து 50 பாருக்கு இறங்கிடுச்சு. என் கேஜ்ல 130 பார் இருக்கு. எஸ்எம்பியை எடுத்துக் காட்டி, "நாங்க ரெண்டு பேரும் தனியா வரோம்"னு சைகை பண்ணினேன். தலையை ஆட்டி மறுத்துட்டார். படகு ஒண்ணு, ஆளுங்க இருபது, பிரிஞ்சு போனா தேட முடியாது. அவர் நிலைமையில அது சரிதான். படகுல ஏறினதும் மெதுவா எங்கிட்ட, "சார், உங்களை இந்தப் படகுல போட்டதே தப்பு"ன்னார். அந்த ரிசார்ட்ல எங்ககிட்ட உண்மை பேசின ஒரே ஆள்.

நைட்ராக்ஸ் கதைக்கு வரேன், இதுதான் ரத்தம் கொதிக்க வெச்சது. இலவசம்னு சொன்னது ரிசார்ட்ல டேங்குக்கு 12 டாலர் ஆச்சு. சரி, ஆழமா போறோம், குடுத்துத் தொலைப்போம்னு குடுத்தோம். பச்சை மஞ்சள் பட்டை, மேல டேப்ல "32"ன்னு மார்க்கர் எழுத்து. ரிசார்ட்டோட ஆக்சிஜன் அனலைசர்ல பேட்டரி இல்லையாம். நாங்க எங்களோடதைக் கொண்டு போயிருந்தோம். வெளிக்காத்துல காலிப்ரேட் பண்ணி, வால்வை லேசா திறந்து என் மனைவி சென்சாரைப் பிடிச்சா. எண் நகரவே இல்ல. 20.9.

"ஏங்க, இது வெறும் காத்து."

அடுத்த டேங்க், அதுவும் 20.9. டைவ் பண்ணாதவங்களுக்கு ஒரு வரி விளக்கம்: 30 மீட்டர்ல சாதாரண காத்துல இருக்கலாம்னு வழக்கமான டைவ் அட்டவணை சொல்றது 20 நிமிஷம், 32 நைட்ராக்ஸ்ல 30 நிமிஷம். கம்ப்யூட்டர்ல 32ன்னு போட்டுக்கிட்டு வெறும் காத்தை சுவாசிச்சா, கம்ப்யூட்டர் பச்சை காட்டிக்கிட்டே இருக்கும், உடம்புல நைட்ரஜன் ஏறிக்கிட்டே இருக்கும். மேல வந்த பிறகு மூட்டு வலியில ஆரம்பிச்சு முதுகுத்தண்டு வரைக்கும் போகலாம். 12 டாலர் ஏமாத்து இல்ல இது, உயிரோட விளையாட்டு. டேங்க் ரொப்புற பையன்கிட்ட காட்டினேன். ஒண்ணும் பேசல. டேப்பைப் பிச்சு, புது டேப் ஒட்டி, "21"ன்னு எழுதிட்டுப் போயிட்டான். கிளம்பும்போது பில்லுல நைட்ராக்ஸ் காசு அப்படியே இருந்துச்சு.

இதுக்கு நடுவுல ஒரு நாள் "துறைமுகம் மூடிட்டாங்க, இன்னிக்கு டைவ் கிடையாது"ன்னாங்க. குளிர்காலத்துல வடக்கத்திக் காத்து, அதை அங்க நோர்த்தேன்னு சொல்றாங்க, அடிச்சா துறைமுக அதிகாரி நிஜமாவே மூடுவார், அதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அன்னிக்கு பால்கனியில நின்னு பாக்கறேன், பக்கத்து டைவ் கடை படகுகள் வரிசையா தெற்கே போகுது. ரிசப்ஷன்ல கேட்டா, "அது வேற வகை பெர்மிட்." என்ன பெர்மிட்னு கேட்டா, "மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார்."

மேனேஜர் ஒருவழியா சிக்கினார். கத்தல, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தளத்திலிருந்து அவங்களுக்குப் போன வவுச்சர்ல இருந்தது: ஸ்டாண்டர்ட் ரூம், ஸ்டாண்டர்ட் ரெண்டு டேங்க் படகு, காத்து. அட்வான்ஸ்ட்ங்கிற வார்த்தையே இல்ல. பெரிய டேங்க் இல்ல, சின்னப் படகு இல்ல. "எங்களுக்கு வந்த காசுக்கு இதுதான் சார்." அப்ப எங்ககிட்ட வாங்கின 3,180 டாலர்ல மீதி எங்க போச்சு? அதைத் தளத்துக்கிட்டதான் கேக்கணும்னார். வெறும் காத்து அடைச்ச டேங்குக்கு அவர் என்ன பதில் சொல்வார்னு கேட்டேன். அதுக்கும் தளத்துக்கிட்டதான் கேக்கணுமாம்!

தளத்துக்கிட்ட கேட்டேன். டோட்ஃபிஷ் எங்க ஒளிஞ்சிருக்கும்னு அரை நிமிஷத்துல சொன்ன அதே நம்பர். நீல டிக் விழுது, பதில் இல்ல. மெயில் போட்டேன், டிக்கெட் நம்பர் வந்துச்சு. வேற யாரோ பதில் எழுதினாங்க: "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்." போன் பண்ணினா பாட்டு கேக்குது, பாட்டு முடிஞ்சா கட் ஆகுது. திரும்பத் திரும்ப எழுதினதும் ஒரு விளக்கம் வந்துச்சு பாருங்க, இதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். "6 டைவர்" அப்படின்னா ஒரு கைடுக்கு 6 டைவராம், ஒரு படகுக்கு இல்லையாம். அந்தக் கணக்குப்படியே வெச்சாலும் இருபது பேருக்கு நாலு கைடு வரணும். இருந்தது ரெண்டு பேர். அதை எழுதினேன். அதுக்குப் பதில்: வானிலை, கடல் நிலை, ஆபரேட்டர் முடிவு ஆகியவற்றுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.

இன்னொரு கூத்து. முதல் நாள் ரிசார்ட்ல கையெழுத்து வாங்கின விபத்துப் பொறுப்பு விலக்குப் படிவத்தையும், தினமும் படகுல ஏறும்போது போட்ட வருகைக் கையெழுத்தையும் தூக்கி கார்டு கம்பெனிக்கு அனுப்பியிருக்காங்க, சேவை முழுசா குடுத்ததுக்கு ஆதாரமாம். தண்ணியில ஆளு தொலைஞ்சா எண்ணிப் பாக்க வெச்சிருக்கிற தாள் அது! 3,180 டாலருக்கு அதுதான் ரசீது. நாங்க அனலைசர் எண் தெரியற போட்டோ, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், கைடு எண்ணிக்கை எல்லாம் சேத்து அனுப்பியிருக்கோம். முடிவு இன்னும் வரல.

எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது, முக்கியமானதை மட்டும் கொட்டிட்டுப் போறேன். நடுவுல இருக்கிற தளத்தோட பேச்சை வெச்சு புக் பண்ணாதீங்க, அவங்க அனுப்பின வவுச்சர் காப்பியை டைவ் கடைகிட்டயே நேரா மெயில் போட்டு வாங்கிப் படிச்ச பிறகு காசு கட்டுங்க. "படகுல மொத்தம் எத்தனை தலை, அதுல கைடு எத்தனை"ன்னு தனித்தனியா கேளுங்க. கோசுமெல்ல ரிசார்ட்டையும் டைவ் கடையையும் பிரிச்சுப் புக் பண்ண முடியும், சின்னப் படகு வெச்சிருக்கிற கடைகள் நிறைய இருக்கு, பிடிக்கலேன்னா மறுநாளே மாத்திக்கலாம். அனலைசர் சொந்தமா வாங்கிக்கோங்க, டேப்ல எழுதினதை நம்பாதீங்க, எந்தத் தீவா இருந்தாலும் சரி. டைவிங் விபத்துக்கு எடுக்கற இன்ஷூரன்ஸ், அழுத்த அறையில (சேம்பர்) வெச்சு சிகிச்சை பண்ற மாதிரி செலவுக்குத்தான், இந்த மாதிரி மோசடிக்கு வராது. கிரெடிட் கார்டுலயே கட்டுங்க. அமெரிக்கக் கார்டா இருந்தா ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள்ள எழுத்துல புகார் போகணும், தளம் "பரிசீலனையில் உள்ளது"ன்னு இழுத்தடிக்கறதே அந்த 60 நாள் ஓடட்டும்னுதான்.

தளத்தோட பேர் வேணுங்கறவங்க தனியா மெசேஜ் பண்ணுங்க, சொல்றேன். அந்த 75 டாலர் கூப்பன் வேணுங்கறவங்களும் கேக்கலாம்.