கலிபோர்னியா பார் தேர்வு: பழைய கட்டுரை வினாக்கள் இலவசமாக, ஆனால் விளக்கம் இல்லாமல்

வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வை நடத்தும் கலிபோர்னியா ஸ்டேட் பார் தன் இணையதளத்தில் பழைய கட்டுரை வினாக்களை, நல்ல மதிப்பெண் வாங்கிய இரண்டிரண்டு விடைகளோடு இலவசமாகப் போட்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பல வழிகாட்டிகளைவிட இது மேல். விடைகள் எல்லாம் தேர்வறையில் ஒரு மணி நேரத்தில் எழுதப்பட்டவை. அதனால் சட்டப் பிழையும் அங்கங்கே உண்டு. எந்தப் பத்திக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற விளக்கம் கிடையாது. அதுதான் பெரிய குறை.

விடையை முதலில் திறக்காதீர்கள். வினாவின் கடைசியில் இருக்கும் கேள்வியைப் படித்துவிட்டு, மேலே உள்ள சம்பவ விவரத்துக்குப் போங்கள். 15 நிமிடம் குறிப்புக்கு. சும்மா வரும் விவரம் அநேகமாக இருக்காது. இரு வியாபாரிகள், போனில் 900 டாலர் சரக்கு, மறுநாள் ஒருவர் மற்றவருக்குக் கையெழுத்திட்டு அனுப்பிய உறுதிக் கடிதம் என்று வந்தால், 500 டாலரும் அதற்கு மேலும் உள்ள சரக்கு விற்பனைக்கு கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்ற விதி பாதி விடைதான். கடிதம் கிடைத்து 10 நாளுக்குள் எழுத்தில் மறுக்காத வியாபாரிக்கு 'நான் கையெழுத்துப் போடவில்லையே' என்ற வாதம் செல்லாது. இந்த விலக்கைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடிதம் தாமதமின்றி வந்தது என்று காட்ட 'மறுநாள்' என்ற சொல்லையும் விடையில் பயன்படுத்துங்கள்.

வழக்கறிஞர் நடத்தை பற்றிய 2018 நவம்பருக்கு முந்தைய விடைகளை ஒதுக்கிவிடுங்கள். விதிகள் அப்போது மாறிவிட்டன.