உலோக வால்வா, திசு வால்வா?

இதய வால்வை மாற்ற வேண்டும் என்று சொன்ன கையோடு டாக்டர் அடுத்த கேள்வியையும் போட்டுவிடுவார்: உலோகமா, திசுவா? 50 வயதுக்குள் என்றால் பெரும்பாலும் உலோகம், 65-ஐத் தாண்டினால் திசு. இடையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தலைவலி. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்டிக் வால்வு சுருங்கியபோது அம்மாவுக்கு வயது 61. திசு வால்வுதான் வைத்தோம். ஆக, என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது.

உலோக வால்வின் பலம் தெரிந்ததுதான்: பலருக்கு ஆயுள் முழுக்க உழைக்கும். பெயர்தான் உலோகம், திறந்து மூடும் தட்டுகள் இப்போது பெரும்பாலும் பைரோலிட்டிக் கார்பன் என்ற கடினமான கார்பன். திருவனந்தபுரத்தில் உருவாகி, 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வில் தட்டு ஒருவகை பாலிஎதிலீன் பிளாஸ்டிக். வேற்று உயிரின் புரதம் எதுவும் இல்லாததால், எதிர்ப்பு அணுக்களுக்கு அங்கே குறிவைத்துத் தாக்க ஒன்றும் கிடைப்பதில்லை. சுற்றித் தைக்கும் பாலியஸ்டர் வளையத்தில் மட்டும் அவை மொய்த்து, தழும்புத் திசு மூடும். அது அளவு மீறினால் தட்டை அடைக்கும்.

ஆனால் ரத்தம் சும்மா இருக்காது. புரதம் படியும், தட்டணுக்கள் ஒட்டும், ரத்தக்கட்டி உருவாகும். அதனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை, வாழ்நாள் முழுக்க.

திசு வால்வு மாட்டின் இதய உறையிலோ பன்றி வால்விலோ செய்வது. பச்சையாக வைத்தால் உடல் அதைச் சிதைத்துவிடும். அதனால் தோல் பதனிடுவதைப் போல குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்துகிறார்கள். பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலென் கார்பான்டியே 1960-களின் கடைசியில் கொண்டுவந்த வழி இது. திசுவின் வேற்று அடையாளம் பெரும்பாலும் மறைந்துவிடும், முழுதாக மறையாது. ஆல்ஃபா-கால் என்றொரு சர்க்கரை மாட்டுக்கும் பன்றிக்கும் உண்டு, மனிதனுக்குக் கிடையாது. அதே மாதிரி சர்க்கரை நம் குடல் பாக்டீரியாக்களில் இருப்பதால், அதற்கான எதிர்ப்பொருள் ஏற்கெனவே எல்லார் ரத்தத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஓயாத உரசலும் வேறு காரணங்களும் சேர்ந்து வால்வின் இதழில் கால்சியம் படிகிறது, இதழ் விறைக்கிறது. இளவயதில் இது வேகமாக நடக்கும். பொதுவாக 10 முதல் 15 வருடம் உழைக்கும் என்பார்கள்.

சரி, பிறகு ஏன் திசு? பராமரிப்புதான். உலோக வால்வுள்ள என் சித்தப்பா வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது: தேதி, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்), மாத்திரை அளவு. அவருக்கு எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, ஏறினால் ரத்தக்கசிவு. ஒரு வாரம் முருங்கைக்கீரை கூடினாலே எண் இறங்கும். சளிக்கு ஆன்டிபயாடிக் எடுத்தால் ஏறும். பல் பிடுங்கவும் முன்கூட்டியே இதய டாக்டரைக் கேட்க வேண்டும். இதற்கென நகரத்துக்கு பஸ் ஏறுவது அவருக்குப் பழகிவிட்டது. கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு அது சரிப்பட்டு வராது. பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் இருக்கின்றனவே என்றால், உலோக வால்வுக்கு அவை ஆகாது. அவற்றில் ஒன்றான டபிகாட்ரானைச் சோதித்தபோது கட்டியும் கசிவும் கூடியதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அம்மாவுக்கு முதல் சில மாதம் அசிட்ரோம், அப்புறம் ஆஸ்பிரின் மட்டும். வருடத்துக்கு ஒரு எக்கோ.

இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு இந்த லாபம் கிடைக்காது. எந்த வால்வு வைத்தாலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டும்.

திசு வால்வு தேய்ந்த பிறகு என்ன ஆகும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. தொடை ரத்தக்குழாய் வழியாகப் பழைய வால்வுக்குள்ளேயே புதியதைப் பொருத்தும் முறை இருக்கிறது. ஆனால் முதல் வால்வு சிறியதாக இருந்தால் உள்ளே இடம் பற்றாது. அறுவைக்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டபோது, "21 மில்லிமீட்டருக்குப் பதில் 23 உட்காருமா பார்க்கிறேன்" என்றார் டாக்டர். உட்கார்ந்தது.