பார்க்ரன்: சனிக்கிழமை காலை, ஐந்து கிலோமீட்டர், காசில்லாமல்

பிரிட்டனில் ஜிம் சந்தா கட்ட யோசிப்பவர்களுக்கும், கட்டிவிட்டுப் போகாமல் இருப்பவர்களுக்கும், பூங்காக்களில் வாராவாரம் எல்லோரும் சேர்ந்து ஓடும் இலவச ஓட்டமான பார்க்ரனைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். 2004 அக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியது. இல்ஃபர்டில் வேலன்டைன்ஸ் பூங்கா, ஈஸ்ட் ஹாம்காரர்களுக்கு வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் என்று நம்மவர்கள் வாழும் பகுதிகளிலும் நடக்கிறது. இங்கிலாந்தில் காலை 9 மணி, ஸ்காட்லாந்தில் 9.30.

ஓடத் தெரியாதே என்ற தயக்கம் வேண்டாம். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். கடைசியாக வருபவருக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வருவார். அந்த ஏற்பாட்டுக்காகவே முழு மதிப்பெண் கொடுக்கலாம். 2018 முதல் ஜிபி (குடும்ப மருத்துவர்) மருத்துவமனைகளும் பக்கத்துப் பார்க்ரனோடு கைகோத்து நோயாளிகளை அனுப்பிவைக்கின்றன.

இணையத்தில் ஒரே ஒரு முறை பதிந்தால் ஒரு பார்கோடு கிடைக்கும். எந்த நாட்டுப் பார்க்ரனுக்கும் அது செல்லும். சாதாரணத் தாளில் அச்சிட்டால் வியர்வையிலும் மழையிலும் கரைந்துவிடும், லேமினேட் செய்துகொள்ளுங்கள். போனில் காட்டுவதென்றால் முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பூங்காவுக்குள் சிக்னலை நம்ப முடியாது. மறந்து வந்தாலும் ஓடலாம். முடிவுப் பட்டியலில் மட்டும் பெயர் வராது.

குழப்பம் வருவது முடிவுக்கோட்டில்தான். ஒருவர் நேரத்தை அழுத்துவார், இன்னொருவர் வரிசை எண் போட்ட வில்லையைத் தருவார். அந்த வில்லையும் உங்கள் பார்கோடும் அடுத்து ஸ்கேன் செய்யப்படும். நேரப் பட்டியலும் இந்த வில்லைப் பட்டியலும் பிறகுதான் பொருத்தப்படும். ஆகவே ஒருவர் கோட்டைத் தாண்டிவிட்டு வில்லை வாங்காமல் நழுவினால், அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேரின் நேரமும் ஓரிடம் பிசகும். வரிசையை முந்தாதீர்கள், வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

குறைகளும் உண்டு. கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம், பாதையின் தன்மை எல்லாம் பூங்காவுக்குப் பூங்கா மாறும். குழந்தை வண்டியோ சக்கர நாற்காலியோ கொண்டுபோவதானால் அந்தந்தப் பூங்காவின் பாதை விவரத்தை முதலில் படியுங்கள். குளிர்காலத்தில் புல்தரை சேறாகிவிடும். பனி உறைந்த காலைகளில் கடைசி நேரத்தில்கூட ரத்தாகும், கிளம்பும் முன் அந்தப் பூங்காவின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். புதியவர்களுக்கான விளக்கம் தொடக்கத்துக்குச் சற்று முன் ஆங்கிலத்தில் நடக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை முதல் வாரம் தனியே அனுப்ப வேண்டாம்.

11 வயதுக்குட்பட்ட பிள்ளை, பெரியவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே ஓட வேண்டும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி இருந்தால், 4 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்கு ஞாயிறு காலை 2 கிலோமீட்டர் ஜூனியர் பார்க்ரன் இருக்கிறது. முழங்கால் வலியால் நடக்க முடியாதவர்கள் பார்கோடு ஸ்கேன் செய்யவோ வில்லை கொடுக்கவோ பெயர் கொடுக்கலாம்.