கோத்தகிரி மலைச்சாலையில் நான்கு ஆண்டுகள்: எங்கள் பிக்கப்பின் பிரேக் பேடுகள்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு வாரத்தில் ஐந்து நாட்கள் கேரட், பீட்ரூட் மூட்டைகளை ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி எங்களுடையது. முன் சக்கரங்களில், சுழலும் தட்டை இரு பக்கமும் பேடுகள் அழுத்திப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்; பின் சக்கரங்களில் டிரம். லோடுடன் ஏறக்குறைய 3 டன் எடையுள்ள வண்டி சுமார் 1500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 130 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. எஞ்சின் தாங்கிக்கொள்வது போக மீதியில் பெரும்பகுதி சூடாகப் பிரேக்கில்தான் இறங்குகிறது. ஆகவே மலையில் ஓடும் வண்டிக்குப் பேடு வாங்குபவர், அது குளிர்ந்திருக்கும்போது எப்படிப் பிடிக்கிறது என்பதைவிட, காய்ந்த பிறகு எப்படிப் பிடிக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். வண்டியோடு வந்த பேடுகள் தேய்ந்ததும், விலை குறைவு என்பதற்காகப் பெயர் தெரியாத ஒரு செட்டை மாட்டினேன். ஊருக்குள் ஓட்டியபோது எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு நாள், வழியிலுள்ள அரவேணுவைக் கடந்து முழு லோடுடன் இறங்கிக்கொண்டிருந்தபோது பெடல் கல்லாக இறுகியிருந்தும் வண்டி வேகம் குறையவில்லை. கருகிய வாடை கேபினுக்குள் வந்தது. இரண்டாம் கியருக்கு மாற்றி, கை பிரேக்கையும் மெல்ல இழுத்து, ஓரத்தில் நிறுத்தினேன். பெடல் இறுகியிருந்தும் பிடிக்காவிட்டால் சூட்டில் பேடு வழுக்குகிறது என்றும், பெடல் பஞ்சுபோல் உள்ளே போனால் பெடலின் அழுத்தத்தைக் கடத்தும் பிரேக் ஆயில் கொதித்திருக்கக்கூடும் என்றும் பின்னர் மெக்கானிக் விளக்கினார். கழற்றிப் பார்த்தபோது பேடின் முகம் கண்ணாடிபோல் மினுங்கியது.

அதன்பின் உலோகத் துகள் கலந்த செமி மெட்டாலிக் வகைக்கு மாறினேன். பல பேடுகளின் விளிம்பிலோ பின்தகட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும் குறியீட்டின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளைப் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது. முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும், இரண்டாவது எழுத்து கடும் சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழிறங்கியிருக்கும் பேடை நான் இப்போது தொடுவதே இல்லை. விலை ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் பழைய செட் 11,000 கிலோமீட்டரில் முடிந்தது, இது 24,000 தாண்டியும் ஓடுகிறது.

மாற்றும் வேலையில் பலர் கவனிக்காதது, பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் (ஊசிபோன்ற கம்பிகள்). என் வண்டியில் இடது பக்க உள்பேடு பிஸ்கட்டைப்போல் மெலிந்திருக்க, வெளிப்பேடு பாதிகூடத் தேயாமல் இருந்தது. "ரெண்டும் ஒரே மாதிரி தேயலைன்னா பேடைக் கேக்காதீங்கண்ணே, பின்னைக் கேளுங்க" என்றார் மெக்கானிக். அந்தக் காலிப்பர் பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதைத் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் உறையையும் மாற்றிய பிறகே தேய்மானம் சமமானது. புதுப் பேடுக்கு இடம்விட, பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா வழிந்து பெயின்ட்டைக் கெடுக்கும் என்பதால் மூடியைத் திறந்து அளவைக் கவனிக்க வேண்டும். டிஸ்க்கின் தடிமன், அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழ் போயிருந்தால் புதுப் பேடு போட்டும் பயனில்லை. இரு முன் சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றி, லோடில்லாமல் சமதளத்தில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை வேகம் குறைத்துப் பேடைப் பதியவிட்ட பிறகே மலை ஏற வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடும். பனியும் மூடுபனியும் சூழ்ந்த எங்கள் ஊரில் ஆண்டுக்கொரு முறை மாற்றி, பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுத்துவிடுகிறேன். சீல் உடைத்து வைத்திருந்த ஆயிலை ஊற்ற விடுவதில்லை.

செமி மெட்டாலிக்கிலும் குறை உண்டு. அதிகாலையில் முதல் சில பிடிப்புகளுக்குக் கிறீச்சிடும். சக்கரத்தில் கருந்தூசி படியும். டிஸ்க் சற்று விரைவாகத் தேயும். இறக்கத்துக்கு நான் அவற்றைப் பொறுத்துக்கொள்கிறேன்.

சென்ற ஞாயிறன்று அளந்தபோது வெளிப்பேடில் 5 மில்லிமீட்டரும் உள்பேடில் 4 மில்லிமீட்டரும் இருந்தன. 3 வரை விடலாம் என்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மாற்றிவிட, அதே வகையில் புதுச் செட்டை வாங்கி இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.